புதுச் சுங்கத்துக்குத் தப்பிய லோடு

"சுங்கமா? ஒரு பைசா கொடுக்க மாட்டேன்!" என்று தொழிற்சாலை வாசலிலேயே சபதம் போட்டார் கணக்குப்புலி.

சரக்கு அனுப்பும் பிரிவின் மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் அது. கேலிக்கு வைத்ததல்ல, எந்த வரியிலும் சந்து கண்டுபிடித்துவிடும் மூளை அவருக்கு. இன்றோ நெடுஞ்சாலையில் புதுச் சுங்கச்சாவடி திறக்கிறது. பழைய செலவுக்குள்ளேயே சரக்கு இன்று போய்ச் சேராவிட்டால், அவர் வேலையை வெளி ஏஜென்சியிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

"என்ன லோடு சார்?" என்றார் லாரி டிரைவர்.

"ரோடு கான்ட்ராக்டருக்கு இரும்புச் சாமான். எடையும் நீளமும் தெரிஞ்சா போதும், மத்தது நமக்கெதுக்கு? வண்டிய கூட்ஸ் ஷெட்டுக்கு விடுங்க. ரயிலுக்கு ஏது சுங்கம்!"

டிரைவர் அசந்துபோனார்.

கூட்ஸ் ஷெட் குமாஸ்தா அசரவில்லை. சரக்கை இறக்கி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு வாயைத் திறந்தார். "அரை வேகன் சரக்குதான் இருக்கு. ஆனா முழு வேகனுக்குக் கட்டணும். ரயில் சரக்குக் கட்டணமும் ஏறிடுச்சு. அந்தப் பக்கம் இறங்கினதும் லாரி சொல்லியாச்சா?"

"லாரியா? எதுக்கு?"

"ரயில் என்ன, கான்ட்ராக்டர் வாசலுக்கா போகும்?"

சரக்கை மறுபடி லாரியிலேயே ஏற்றினார்கள். இறக்கி வைத்த இடத்துக்கு ஷெட்டில் வாடகையும் கேட்டார்கள். வேறொருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். நம்மவர் லாரியில் ஏறி உட்கார்ந்தார். இதற்காகவே ஊழியர்களுக்கு அவரைப் பிடிக்கும்.

"உள் ரோட்டுல விடுங்க. சாவடிய சுத்திக்கிட்டுப் போயிடலாம்."

"வழியில ரயில் பாலம் தாழ்வா இருக்குமே சார்."

"லாரி உயரம் கணக்குப் போட்டாச்சு."

கணக்கு சரிதான். மேலே அடுக்கியிருந்த லோடை மட்டும் அதில் சேர்க்கவில்லை. பாலத்தடியில் தார்ப்பாய் கிழிந்து லாரி சிக்கிக்கொண்டது. தலைக்கு மேல் கூட்ஸ் ரயில் ஒன்று ஊதிக்கொண்டே போனது.

மனைவி போன் செய்தாள். "என்னங்க, எங்க இருக்கீங்க?"

"ரயிலுக்கு அடியில."

"ஐயய்யோ!"

"நடுவுல பாலம் இருக்கு, பயப்படாதே."

டிரைவர் சக்கரங்களில் காற்றை இறக்கி, அங்குலம் அங்குலமாக லாரியைப் பின்னால் எடுத்தார். ஒரு கீறல் விழவில்லை. அந்தக் கைகளைப் பார்த்துக் கணக்குப்புலிக்கே கண் கலங்கியது.

காற்றடித்துக் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. இனி நெடுஞ்சாலை ஒன்றுதான் வழி. வேலை போய்விடக்கூடாதே என்று, சாவடி முன்னால் தன் சொந்தப் பர்ஸைத் திறந்தார் கணக்குப்புலி. ஜன்னலுக்கு வெளியே பணத்தை நீட்டினார்.

"எவ்வளவும்மா?"

சாவடிப் பெண் பணத்தைப் பார்க்கவே இல்லை. கிழிந்த தார்ப்பாயில் எட்டிப் பார்த்த சிவப்பு வெள்ளைக் கம்பங்களைக் கண்டு அவள் முகம் மலர்ந்தது.

"காலையிலேர்ந்து எல்லா வண்டியையும் சும்மாதான் சார் விடறோம். வசூல் பண்ணணும்னா உங்க லாரில இருக்கற கேட்டை முதல்ல மாட்டணுமே!"