இரண்டு மாதத் தம்பி

சௌந்திரத்தின் இரண்டாவது மகன் பிறந்திருக்கவே முடியாது என்று கம்ப்யூட்டர் மூன்றாம் தடவையாகச் சொல்லிவிட்டது.

வருடம் 1988. நாமக்கல் பக்கம் ரேஷன் கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் அலுவலகம். விசைப்பலகையில் மணியன், பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் குளிர் அறையில் உட்கார்வதால் தன்னை அரை விஞ்ஞானி என்று நினைத்திருந்தான்.

“ஏனுங்க அக்கா, மூத்தவன் ஏப்ரல். இளையவன் அதே வருசம் ஜூனு. எப்படிங்க?”

“தேதி நானா போட்டேன் சாமி? ரெண்டு பேரையும் ஒரே நாள்ல பள்ளிக்கூடத்துல உட்டேன். அஞ்சு வயசு ஆகோணும்னு வாத்தியாரே போட்டுக்கிட்டாரு. மாசக் கடைசிக்குள்ள கார்டுல பேரு ஏறலீனா சின்னவனுக்கு ஹாஸ்டல் இல்லியாம்.”

அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு வாத்தியார்தான் பிரம்மா.

அதிகாரி சுவாமிநாதன், புரோகிராம் எழுதிய மொய்தீனைச் சேலத்திலிருந்து வரவழைத்தார்.

“ரெண்டு பிள்ளைக்கு நடுவுல இத்தனை மாசம் வேணுங்கற விதி, பதிவுகள் சேர்ற பெட்டிக்குள்ளயே இருக்குங்க. எந்த வாசல்ல வந்தாலும் தப்பு உள்ள போகாது” என்றார் மொய்தீன்.

“சிபாரிசுக் கடிதத்தோட வந்தா?”

“பெட்டி கடிதம் பாக்காதுங்க.”

“அப்ப அது பொறுப்பில்லாத பெட்டி. விதியை எடுத்துக் கவுண்டர் திரையில வையுங்க. விசாரிக்க வேண்டியது அதிகாரி, பெட்டி இல்லை.”

மேற்படி விதி பொதுநலன் கருதி இடமாற்றம் செய்யப்பட்டது. முதல் கவுண்டரின் திரை அண்ணன் தம்பிக்குப் பத்து மாத இடைவெளி கேட்டது. இரண்டாவது, குறைப்பிரசவத்தை உத்தேசித்து, ஏழு. அதிகாரி கையெழுத்தோடு வருவோருக்கான மூன்றாவது எதையுமே கேட்கவில்லை. ஒரே வாரத்தில் முதல் இரண்டிலும் ஈ ஓட்டினார்கள். சௌந்திரத்தின் சின்னவன் மூன்றாவதில் பிறந்தான். மருதாசலம் என்பவர் தன் அப்பாவைவிட நாலு வயது மூத்தவரானார். ஒரு கிழவியும் பேத்தியும் இரட்டைப் பிள்ளைகளானார்கள்.

மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருவதாகக் கடிதம் வந்தது.

“விதியைப் பெட்டிக்குள்ளயே வெச்சிருக்கணும். நான் அன்னிக்கே நினைச்சேன்” என்றார் சுவாமிநாதன்.

“வெக்கலாங்க. உள்ள கிடக்கற தப்பையெல்லாம் மொதல்ல அழிக்கோணும். இல்லீனா பெட்டி விதியை ஏத்துக்காது” என்றார் மொய்தீன்.

“தயவு தாட்சண்யம் பாக்காம அழிச்சுடு, மணியா.”

மூன்றாவது கவுண்டர் வழியாக ஏறிய தப்புகளை மணியன் பட்டியல் எடுத்தான். முதல் பெயர் சௌந்திரத்தின் சின்னவன். பதினோராவது மணியன், அண்ணனுக்கு நாற்பது நாள் இளையவன். முப்பதாவது சுவாமிநாதன், அக்காவுக்கு எழுபது நாள் இளையவர். பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டினான்.

சுவாமிநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“என்னுது எழுத்துப் பிழை. மத்ததை அழி.”

மணியன் குளிர் அறைக்குத் திரும்பினான். பட்டியலின் தலையில் ‘யாவும் அழிக்கப்பட்டன’ என்று டைப் அடித்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினான். சௌந்திரத்தின் மகனுக்காகத்தான் அப்படிச் செய்ததாகப் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டான். பதினோராவது வரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஒரு வரியைக்கூட அழிக்கவில்லை.