பார்த்தாலே தெரிகிற வெளிநாட்டவர்

மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கும் அசோகன் வீட்டில் ஒரு வெளிநாட்டு மாணவி தங்கப் போகிறாள் என்ற செய்தி பரவியதும், அவர் வீட்டு வாசலில் வருஷக்கணக்காகக் கிடந்த குப்பைத் தொட்டி ஒரே நாளில் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. ஏற்பாடு செய்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

விஷயம் எளிமையானதுதான். அசோகனின் மகள் பூங்குழலி படிக்கும் கல்லூரிக்கும் நார்வேயில் ஒரு கல்லூரிக்கும் ஒப்பந்தம். அங்கிருந்து ஒரு மாணவி இங்கே வந்து தங்க வேண்டும். தங்கல் திருப்திகரமாக அமைந்தால், பதிலுக்கு இந்த வீட்டுப் பெண் நார்வே போகலாம். பூங்குழலி அந்தக் குளிரை நினைத்து உச்சி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

வந்தவள் பெயர் நிலானி. பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் நார்வே. அவளுடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்கள். ஆகவே நிலானி, அசோகனின் மனைவி ரேணுகாவைவிட ஒரு பிடி கூடுதல் கறுப்பு. தமிழும் ஒரு பிடி கூடுதல்.

"அன்ரி, மீனை நான் வெட்டட்டோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அருவாமணையில் உட்கார்ந்துவிட்டாள். ரேணுகாவுக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப் போயிற்று. தெருவுக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

"வெள்ளைக்காரி வர்றான்னு சொன்னாங்க. இது நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்குது" என்று தூக்கிப் பிடித்த செல்போன்களை இறக்கிக்கொண்டு கலைந்து போனார்கள்.

பிறகு ஆய்வு வந்தது. அயல்நாட்டு விருந்தினர் தங்கல் மற்றும் பண்பாட்டு ஒருங்கிணைப்புப் பிரிவின் உதவி ஒருங்கிணைப்பாளர் தட்சணாமூர்த்தி, தம் பதவியின் பெயரை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"வெளிநாட்டு மாணவி எங்கய்யா?"

"தோ, கானாங்கெளுத்தி கழுவுது சார்."

"விளையாடாதீங்க. ஏதாச்சும் அகதி முகாம்லேர்ந்து கூட்டியாந்து காட்டுறீங்களா?"

நிலானி கையைத் துடைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டை எடுத்து வந்து நீட்டினாள். தட்சணாமூர்த்தி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"பாஸ்போர்ட் வெளிநாடு. ஒத்துக்கறேன். ஆனா முகம் உள்நாடு. போட்டோவுல பாஸ்போர்ட்டா தெரியும்? முகந்தான தெரியும்! திங்கக்கிழமை இயக்குநர் மேடம் நேர்ல வர்றாங்க. பாத்தாலே தெரியிற வெளிநாட்டவர் வேணும். இல்லன்னா உங்க வீடு தகுதி நீக்கம். பொண்ணோட பயணமும் ரத்து."

"அதுக்கு நாங்க இன்னா சார் பண்றது?"

"அதை நான் சொல்லக் கூடாது. பொறுப்புள்ள பதவியில இருக்கேன்." ஜீப்பில் ஏறியபின் தலையை மட்டும் நீட்டினார். "குயிலாப்பாளையம் பக்கம் போய்ப் பாருங்க. வெள்ளைக்காரங்க நிறைய கிடைப்பாங்க."

அசோகன் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அங்கே ரொட்டி சுட்டு விற்கும் பியேர் கிடைத்தான். நீலக் கண், பொன் நிறத் தாடி, ஆறடி உயரம். அந்த ஊரிலேயே பிறந்தவன். அப்பா அம்மாவின் நாட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான்.

"சும்மா நின்னா போதுமாண்ணா?"

"நின்னா போதும்பா. கருவாட்டுக் குழம்பு, சோறு."

"அப்ப வர்றேன்."

திங்கட்கிழமை உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டார்கள். பியேருக்கு ஆளுயர மாலை. கலைந்து போன தெரு, செல்போன்களோடு முழுதாகத் திரும்பி வந்தது. சொந்தக் குழந்தையை அவன் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. உண்மை நிலவரம் தெரிந்த அசோகனே இரண்டு செல்ஃபி எடுத்தார்.

இயக்குநர் கீதாஞ்சலி பியேரின் கையைக் குலுக்கி, எங்கள் பண்பாடு எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் விசாரித்தார்.

"வெயிலு மண்டையப் பொளக்குது மேடம். சீக்கிரம் முடிச்சீங்கன்னா சாப்பிடப் போலாம்" என்றான் பியேர்.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்த கொஞ்ச நாள்ல இவ்ளோ தமிழா! இது இந்த வீட்டோட சாதனை!"

"திட்டத்தோட சாதனை மேடம்" என்று தட்சணாமூர்த்தி பணிவுடன் திருத்தினார்.

"சரி, பதிலுக்கு நார்வே போற வீட்டுப் பொண்ணு எங்க?"

பூங்குழலி முன்னால் வந்தாள். முட்டியில் கிழிந்த ஜீன்ஸ், செம்பு நிறத்தில் சாயம் போட்ட முடி. "ஹாய் மேம்!"

மேடத்தின் முகம் சுருங்கியது. பார்வை பக்கத்துக்குப் போனது. அங்கே நிலானி பாவாடை தாவணியும் மல்லிகைப் பூவும் குங்குமப் பொட்டுமாக, ஆசை ஆசையாக உடுத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"இதோ! இதுதான் நம்ம பண்பாடு. நீ போம்மா. அங்க ரொம்பக் குளிரும், தாங்குவியா?"

"எனக்குப் பழக்கம் மேடம்."

"என்ன தன்னம்பிக்கை பாருங்க!"

அசோகன் வாயைத் திறந்தார். தட்சணாமூர்த்தி அவர் விலாவில் கிள்ளினார். "பேசாதீங்க. இது யாருன்னு சொன்னா, மாலை போட்டுக்கிட்டு நிக்கிறவர் யாருன்னு கேப்பாங்க. அவர் யாருன்னு சொன்னா, நான் யாருன்னு கேப்பாங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். வேறு வழியில்லாமல் அசோகனும் தட்டினார்.

இவ்வாறாக நிலானி, தமிழகக் கிராமப்புறப் பெண்களின் பிரதிநிதியாக நார்வேக்கு அனுப்பி வைக்கப்பட்டாள். அங்கே அவள் தங்குவதற்கு ஒதுக்கப்பட்டது அவளுடைய அம்மா வீடு. பூங்குழலி சாப்பிடாமல் கிடந்தாள். ரேணுகா, போனவளுக்காக ஒரு தடவையும் போகாதவளுக்காக ஒரு தடவையும் அழுதாள்.

கொஞ்ச நாளில் வீடியோ கால் வந்தது.

"அன்ரி, இஞ்சயும் ஒரு அதிகாரி வந்தவர். தமிழ்நாட்டுப் பிள்ளை எங்கே எண்டு கேட்டார். நான்தான் எண்டால் நம்புறார் இல்லை. அவரைவிட நல்லா நான் நோர்வே மொழி கதைக்கிறனாம். பாத்தவுடனே தெரியிற தமிழ்ப்பிள்ளைதான் வேணுமாம். பூங்குழலியை அனுப்பச் சொல்லிப் போட்டார்!"

வீடே துள்ளிக் குதித்தது. ஒரே ஒரு நிபந்தனை: வருகிறவள் புடவையில் வர வேண்டும், மாதிரிக்கு முன்கூட்டியே படம் அனுப்ப வேண்டும்.

ரேணுகா தன் கையால் மகளுக்குக் கட்டிவிட்டாள். சேற்றில் இறங்க வாகாகத் தூக்கிச் செருகிய உப்பளத்துக் கட்டு. படம் போனது, உடனே திரும்பி வந்தது. தமிழ்க் கட்டாகத் தெரியவில்லையாம்.

இப்போது தினமும் சாயங்காலம் நிலானி பனிக்குள்ளிருந்து செல்போனில் பாடம் எடுக்கிறாள். பூங்குழலி கூடத்தில் நின்று மடிப்பு வைக்கிறாள். ரேணுகா ஊக்கை வாயில் கவ்விக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள்.

"கொசுவத்தை இன்னும் கொஞ்சம் இறக்கிப் பிடியும் பூங்குழலி... ஓம், அப்பிடித்தான்! அன்ரி, நீங்களும் நல்லாப் பாத்துப் பழகுங்கோ."