எழுபத்தாறுக்கு எப்படி பி போடுவாங்கள்?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். (மனைவி, "நிக்கேல்ல, அங்கேயே குடியிருக்குது" என்பாள்.) நான் துறைமுகத்தில் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் வார்ஃப் கிளார்க். அங்கே அதிகாரி சொல்லும் முதல் கணக்கை ஏற்றுக்கொள்பவன் மடையன். கவுண்டரில் நின்று சிங்களத்தில் கத்தினால் வரி குறையும். உலகமே அப்படித்தான் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

என் மகள் ஷெரின் லண்டனிலிருந்து பேப்பர் வரும் ஓ லெவல் சோதனை எழுதினாள். கணக்கில் எழுபத்தாறு புள்ளி, பக்கத்தில் 'பி'. பி இருந்தால்தான் பள்ளிக்கூடத்தில் அடுத்த படியான ஏ லெவல் கணக்கு வகுப்பில் இடம். பிள்ளை துள்ளிக்கொண்டு வந்தாள். எனக்கோ தலை கொதித்தது. நம்முடைய அரசாங்கச் சோதனையில் எழுபத்தைந்து என்றால் ஏ. வெள்ளைக்காரன் மட்டும் எப்படிக் குறைக்கலாம்?

வெள்ளவத்தையில் அவளுக்குக் கணக்குப் படிப்பித்த ஆசிரியரின் டியூஷன் வகுப்புக்கே போய்விட்டேன். முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்று கத்தினேன்.

"எழுபத்தாறுக்கு எப்பிடி சேர் பி போடுவாங்கள்?"

அந்த மனிதர் பலகையில் இரண்டு கோடு கீறினார். "பேப்பர் கஷ்டமெண்டால் கோட்டை இறக்குவினம். லேசெண்டால் ஏத்துவினம். இந்த முறை சரியான லேசு. ஏ-க்கு எண்பத்திநாலு, பி-க்கு எழுபத்தைஞ்சு. உங்கட பிள்ளை கோட்டுக்கு ஒரே ஒரு புள்ளி மேல நிக்குது. பேசாம வீட்ட போங்கோ."

"திருப்பித் திருத்தச் சொல்லி எழுதப்போறன்."

"குறைஞ்சாலும் குறையும் ஐயா. பிறகு அதுதான் முடிவு."

"குறையுமாம்!" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

விண்ணப்பத்தில், புள்ளி குறைந்தாலும் சம்மதம் என்று பிள்ளை கையெழுத்து வைக்க வேண்டும். ஷெரின் பின்னுக்கு நகர்ந்தாள். "டாடி, எனக்கு பி காணும், அதுவே போதும். ப்ளீஸ்."

"இந்தப் பயந்தாங்கொள்ளியா கணக்குப் படிக்கப்போகுது?" என்று பேனையை அவள் கையில் திணித்தேன். அப்போதே என் வாயை யாராவது தைத்திருக்க வேண்டும்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. எழுபத்திநாலு. சி.

வகுப்பில் இடம் போயிற்று. நான் வீடு அதிரக் கத்தினேன்: லண்டன்காரனை, பள்ளிக்கூடத்தை, அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தவனை. ஷெரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்றாள் மனைவி, சட்டியைக் கழுவியபடி. அன்றைக்கு எனக்கு என் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பிள்ளைக்குக் கிடைத்ததை நானே பறித்தேன், அதுவும் அவள் கையாலேயே எழுத வைத்து.

அடுத்த முறை எழுதி ஏ எடுத்தாள். ஆனால் ஒரு வருடம் பிந்தி, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடுதான் வகுப்பில் இருந்தாள்.

இப்போது அவள் யூனிவர்சிட்டி கம்பஸில் படிக்கிறாள். கடையில் கொத்து ரொட்டிக்குள் இறைச்சி காணாது என்று நான் வாயைத் திறந்தால் போதும், மனைவி என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஷெரின் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள்:

"பேசாமச் சாப்பிடுங்கோ டாடி. திருப்பிக் குடுத்தால் இருக்கிற இறைச்சியையும் எடுத்துப்போடுவாங்கள்."