மூன்று நாள் ஓய்வெடுத்த கிணறு

ஏயா த்ராங்,
பாம்பு ஆண்டு, முதல் மாதம் ஏழாம் நாள்.

புவோன் ஹோ நகரில் மோட்டார் காயில் கட்டும் கடை நடத்திவரும் மாப்பிள்ளை தோவான் அவர்களுக்கு, உங்கள் மனைவி மியெனின் மூத்த அண்ணன் வோ வான் திங் புத்தாண்டு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி சுவெனும் இரண்டு நாய்களும் ஆயிரத்து இருநூறு காப்பிச் செடிகளும் உயிரோடு இருக்கிறோம். கடைசியாகச் சொன்னவை இன்னும் எத்தனை நாள் என்பது பற்றியதே இந்தக் கடிதம். அங்கே உங்கள் உடம்பும் தொழிலும் தங்கையின் மூட்டுவலியும் முன்போலவே இருக்கும் என்று நம்புகிறேன்.

இதைப் போனில் சொல்லிவிடலாமே என்று சுவென் கேட்டாள். ஊராட்சி அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டு நிலப்பதிவேடு எழுதியவன் ஒரு குற்றச்சாட்டைப் போனில் சொல்வதில்லை. தவிர, உங்கள் எண்ணைப் போன ஆண்டு அப்பாவின் திதியன்றே அழித்துவிட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் பதிவுக்காக எழுதுகிறேன். பதினைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடும் பாயில், "மச்சான், வருசப் பிறப்புக்கு மூணு நாள் கிணத்துக்கு ஓய்வு குடுக்கிறது உங்கப்பாவோட வாளிக் கிணத்துக்குச் சரி. இது நூத்திப்பத்து மீட்டர் போர்க் கிணறு, அடியில மிசினு. ஒருநாள் இதுலயே மாட்டிக்கப் போறீங்க" என்று சொன்னீர்கள். அப்பாவின் படத்துக்கு முன்னால் சொன்னீர்கள். நான், "நூத்திப்பத்து மீட்டர் கீழ இருக்கிறதெல்லாம் தெரியுது, பக்கத்துல உக்காந்திருக்கிறவன் மனசு தெரியலையே" என்றேன். நீங்கள் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். பாதி வாத்துக்கறி அப்படியே மிஞ்சியது.

இப்போது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். புத்தாண்டில் முதலில் வாசல் தாண்டும் காலின் ராசிதான் ஆண்டு முழுவதும் வீட்டுக்கு என்பதால், அந்த முதல் காலை எங்கள் வீட்டில் எடுத்துவைக்க ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை ஒரு மாதம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். சேவல் ஆண்டில் பிறந்தவர், ஐந்து பிள்ளைகள், ஒரு பல்லும் விழவில்லை, என் பாம்பு ஆண்டுக்கு எல்லா விதத்திலும் பொருத்தமானவர். முதல் நாள் காலை ஆறே காலுக்கு அவருக்காகக் கதவைத் திறந்து வைத்தால், உள்ளே வந்தது உங்கள் வலது கால். கையில் தர்பூசணி, பின்னால் மோட்டார் சைக்கிளில் தலைக்கவசத்தோடு மியென். நீங்கள் பன்றி ஆண்டு. பாம்புக்கும் பன்றிக்கும் ஆகாது என்பது இந்த மலையில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதிலும் எனக்கு இது அறுபது, என் சொந்த ஆண்டு திரும்பி வந்திருக்கிறது, தும்முவதற்குக்கூட யோசிக்க வேண்டிய ஆண்டு. ஆகவே கையை நீட்டி மறித்து, "மாப்பிள்ளை, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றேன். மரியாதைக் குறைவாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. நீங்கள் தர்பூசணியைக் கதவுத் தூணின்மேல் வைத்துவிட்டு, சுவெனிடம் ஏதோ சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினீர்கள். மியென் தலைக்கவசத்தைக் கழற்றவே இல்லை. அது போகட்டும். வைத்த கால் வைத்த கால்தான். தலைமையாசிரியர் காய்ச்சல் என்று சொல்லி அன்று வரவேயில்லை.

அதன் பலனை மூன்றாம் நாள் கண்டேன். ஆண்டின் கடைசி நாளே கிணற்றை முறைப்படி ஓய்வுக்கு அனுப்பியிருந்தேன். ஊதுவத்தி, பூ, வாழையிலையில் கட்டி அவித்த ஒட்டரிசி எல்லாம் வைத்துக் கும்பிட்டு, என் கையாலேயே இரண்டு சிவப்புத் தாளில் எழுதி, கிணற்று வாயில் ஒன்றும் தோட்டத்து முனையில் ஒன்றுமாக ஒட்டி, மூன்று நாள் மழைத்தண்ணீரிலேயே சமைக்கச் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன் அந்த சப்மெர்சிபிள் பம்பை நீங்கள் இறக்கியபோது விளக்கியதை நான் மறக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடுகிறேன். ஆள் தொடை கனத்தில் நீளமான உருளை, எல்லாவற்றுக்கும் அடியில் மோட்டார், அதன்மேல் வரிசையாகப் பதினெட்டுச் சக்கரங்கள், ஒவ்வொரு சக்கரமும் தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தி அடுத்ததன் கையில் கொடுக்கும். எங்கள் அலுவலகத்தில் கோப்பு மேசை மேசையாக மேலே போவது போலத்தான், ஆனால் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிடும். அடியில் இருக்கும் மோட்டாரைப் பற்றி மேற்கொண்டு நீங்கள் ஏதோ சொன்னபோது நான் வாத்து வெந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கிணற்று வாயில் இருந்த சிவப்புத் தாளை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். கீழே உறுமும் சத்தம் கேட்டது, பைப் விறைத்தது, மேல் இணைப்பிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு நீர்க்கம்பி பீச்சி என் புதுச் சட்டையை நனைத்தது. நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொண்டேன். ஆனால் தோட்டத்துக் குழாய்களில் ஒரு சொட்டும் இல்லை. ஆண்டின் முதல் தண்ணீரை அவசரப்படுத்தக் கூடாது என்று ஊதுவத்தி கொளுத்தி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். சுவென் இரண்டு முறை வந்து, "ஏங்க, நிறுத்திட்டு என்னன்னு பாருங்களேன்" என்றாள். பிறகு ஸ்டார்ட்டர் தானாக விழுந்து மோட்டார் நின்றது. மறுபடி போட்டேன், விழுந்தது. இப்படி மூன்று முறை. நான்காம் முறை வீட்டிலிருந்த எல்லா விளக்கும் அணைந்தது.

ஐந்தாம் நாள்தான் மேட்டுத் தெரு மெக்கானிக் சாங் வந்தான். முக்காலி நட்டுச் சங்கிலி போட்டு இழுத்தால் நூற்றுப்பத்து மீட்டர் பைப்பும் ஒரே துண்டாக மேலே வரும், அதை மடக்கக் கூடாது, வர வர ஆட்கள் தோளில் வாங்கி நடக்க வேண்டும். எங்கள் முற்றம் முப்பது மீட்டர். ஆகவே பைப் வாசல் வழியாகத் தெருவுக்குப் போய், அடுத்த வீட்டுப் புத்தாண்டு விருந்துக்குள் நுழைந்தது. அங்கே அரிசிச் சாராயத்தில் இருந்த ஒன்பது விருந்தாளிகள் என்ன ஏது என்று கேட்காமல் எழுந்து, ஆளுக்கு ஓரிடத்தில் தோள் கொடுத்து, கோவில் திருப்பம் வரை நடந்தார்கள். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கித் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். கடைசியில் பம்ப் வெளியே வந்தபோது, மாப்பிள்ளை, அவர் செய்தது தவறில்லை என்று பட்டது. சாங் மோட்டாரைத் திறந்து மோந்து பார்த்து, "காயில் கருகிப்போச்சு பெரியவரே. ஆனா இது தண்ணி வத்திப்போய் எரிஞ்சதில்ல, தண்ணிக்குள்ளயே இருந்து வெந்திருக்கு" என்றான். தொடர்ந்து என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டான். விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்பதால் அதற்கு நான் பதில் சொல்லவில்லை, இங்கேயும் பதியவில்லை.

நிலைமை இதுதான். அன்று சாயங்காலமே ஒரு தூறல் விழுந்து போனது. மண் நனையவில்லை, ஆனால் அதை நம்பிக் காப்பி மொட்டெல்லாம் வெள்ளையாக உப்பிவிட்டது. இன்னும் நான்கு நாளில் வேர் குளிரத் தண்ணீர் கட்டாவிட்டால் பாதி திறந்த மொட்டு கருகி உதிரும், இந்த ஆண்டுக்குக் காய் கிடையாது. கடைகள் எல்லாம் பத்தாம் நாள்தான் திறக்கும். சாங்குக்குக் காயில் கட்டத் தெரியாது. பண்டிகையிலும் திறந்திருக்கும் கடை இந்த வட்டாரத்தில் உங்களுடையது ஒன்றுதான் என்று அவன் சொன்னான். அது எனக்குத் தெரியாததல்ல. உங்கள் காலால் வந்த கேடு என்பதால் அதைத் தீர்க்கும் கடமையும் உங்களுடையது என்று இதன்மூலம் முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன்.

புத்தாண்டில் உங்கள் வீட்டில் அரிசிப் பானை நிறைந்திருக்கட்டும், பெரியவர்கள் நன்றாக உறங்கட்டும், சிறியவர்கள் நன்றாகப் படிக்கட்டும், கடைக்கு எரிந்த மோட்டார்கள் குறைவின்றி வரட்டும். மியெனுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
வோ வான் திங்
(கையொப்பம்)

பின்குறிப்பு: மேலே உள்ளதை மூன்று முறை படியெடுத்து எழுதியதில் தாள் தீர்ந்துவிட்டது. இதைக் கொண்டுவரும் பத்து மணி பஸ் டிரைவர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். ஆகவே கிழித்துப் போடவும் வழியில்லை, அப்படியே அனுப்புகிறேன். கடிதத்தை உறையில் போடுமுன் மொட்டுகளைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். பைப் தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் கேட் வால்வின்மேல் இரண்டாவது சிவப்புத் தாள் கிழியாமல் இருக்கிறது. "மூன்றாம் நாள் வரை ஓய்வு" என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து, மறுக்க முடியாது. கீழே வால்வு, கடைசி நாள் நான் முறுக்கிய முறுக்கில், இறுக மூடியே கிடக்கிறது. வால்வைத் திறந்தீர்களா என்பதுதான் சாங் அன்று கேட்ட கேள்வி.

சுவெனிடம் போய் நின்றேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "தண்ணி மேல ஓடினாத்தான் அடியில மோட்டாருக்குச் சூடு தணியும்னு அன்னிக்கே சொன்னாரு, நீங்க வாத்தப் பாக்கப் போயிட்டீங்க. மொத நாள் காலையிலயும் சொல்லிட்டுத்தான் போனாரு. 'அக்கா, திறக்கிற அன்னிக்கு மொதல்ல வால்வு, அப்புறம் சுவிட்சு. நீங்க சொல்லுங்க, நான் சொன்னா மச்சான் செய்யமாட்டாரு'ன்னு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"சொல்ல வந்தேன். தோவான் சொன்னாருன்னு ஆரம்பிச்சேன். நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேர எடுக்காதன்னீங்க."

ஆகவே மாப்பிள்ளை, முதல் வரியிலிருந்து கையொப்பம் வரை உள்ள குற்றச்சாட்டு முழுவதையும் ரத்து செய்கிறேன். வணக்கமும் ஆசியும் மட்டும் நிற்கட்டும். உங்களை வாசலில் மறித்த அன்று நான் சாப்பிடவில்லை, அதையும் பதிவுக்காகச் சொல்கிறேன். தூண்மேல் நீங்கள் வைத்த தர்பூசணியைச் சுவென் என்னைக் கேட்காமல் நேற்று வெட்டிவிட்டாள். உள்ளே நல்ல சிவப்பு. உங்களுக்கும் மியெனுக்கும் பாதியை மூடி வைத்திருக்கிறோம்.

உங்கள் வலது கால் முதல் நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறது. இடது காலையும் கொண்டுவந்து சேருங்கள். மியெனைத் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள். வால்வைத் திறந்து வைத்துவிட்டேன்.