நூற்று அறுபத்தைந்து கிலோ இளைஞன்

லிஃப்டைப் பழுது பார்க்க நாலு மாடி ஏறினேன். மயங்கி விழுந்த என்னைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் இறங்கினார்கள். அதில் ஒருவர், "லிஃப்ட் இருந்திருந்தா இவ்வளவு கஷ்டம் இல்ல" என்று வழி முழுக்க என்னையே திட்டினார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொல்லிவிட்டார். என் எடை தொண்ணூற்றாறு கிலோ என்பது உட்பட.

மறுநாள் ஹாலில் ஒரு சைக்கிள் நின்றது. சக்கரம் இல்லாத சைக்கிள்.

"இதை மிதிச்சா எங்க போகும்?"

"எங்கயும் போகாது. உங்க தொப்பைதான் போகும்."

"சாப்பாடு?"

"வேகவெச்ச காய் எவ்வளவு வேணும்னாலும் உண்டு. அதுக்கு மேல எது கேட்டாலும், மிதிச்சு எரிச்ச கலோரி அளவுக்குத்தான்."

"ஒரு க்ரீம் பன்னுக்கு?"

"முந்நூறு எரிக்கணும்."

அரை மணி நேரம் மிதித்தேன். சட்டை நனைந்தது. கண் இருட்டியது. செத்துப்போன அம்மா எதிரே வந்து, "போதும்டா கண்ணா" என்றாள். குனிந்து சைக்கிளின் திரையைப் பார்த்தேன். நூற்று நாற்பது. கலோரி எரிந்ததோ இல்லையோ, வயிறு எரிந்தது.

என் மனைவி பன்னைப் பாதியாக வெட்டினாள். அந்தப் பாதியை உற்றுப் பார்த்தாள். "பாதிக்கு நூத்தம்பது ஆகுமே" என்று க்ரீம் இருந்த ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டாள்.

இப்படியே ஒரு வாரம். பெல்ட் தளரவில்லை. நான்தான் தளர்ந்தேன்.

அப்போதுதான் மேல்வீட்டு டியூஷன் மாஸ்டர், வாங்கிப்போன குடையைத் திருப்பித் தர வந்தார். என் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"சார், உங்க உடம்புக்குள்ள எரியறது அந்த மிஷினுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் உத்தேசம்தான். நீங்க குடுத்த எடையை வெச்சுப் பெருக்கிப் போடுது. கனமான ஆளுக்கு நிறைய எரியும்."

"அப்ப எடையைக் கூட்டிப் போட்டா?"

"கலோரியும் கூடும். வயசைக் குறைச்சா இன்னும் கொஞ்சம் கூடும். ஆனா சார், அது நம்மளை நாமே..."

ஆனாவுக்கு அப்புறம் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அதே அரை மணி நேரம். அதே மூச்சு இரைப்பு. திரையில் முந்நூறு! என் மனைவி எட்டிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் முழு பன்னை எடுத்து வைத்தாள். அவள் பேசாமல் இருந்தபோதே நான் பயந்திருக்க வேண்டும். வாய் நிறைய க்ரீம் இருந்ததால் பயம் வரவில்லை.

நாலாம் நாள் வேலை முடிந்து வந்தேன். தட்டில் காய் மட்டும் இருந்தது.

"பன் எங்க?"

"காலையில நீங்க போனப்புறம் நானும் ஏறி மிதிச்சேங்க. பத்தே நிமிஷத்துல நூறு காட்டுச்சு! எனக்கே ஆச்சரியம். யார் கணக்குல ஓடுதுன்னு பார்த்தேன். எடை நூத்தி அறுபத்தஞ்சு, வயசு இருபத்தி நாலு. யாருங்க அந்தப் பையன்?"

"எ... எந்தப் பையன்?"

"தினம் வந்து நம்ம சைக்கிளை மிதிக்கிற பையன். பாவம், கல்யாணம் பண்ற வயசுல இப்படி ஊதிப் போயிருக்கானே! அவன் உழைப்புல நீங்க பன் தின்னலாமா? இன்னைக்கு அவனுக்குன்னே எடுத்து வெச்சேன். வரல. நானே சாப்பிட்டுட்டேன்."

என் எடையைக் கூட்டிப் போடத் தெரிந்த எனக்கு, அவள் என்னைச் சரியாக எடைபோட்டு வைத்திருப்பது தெரியவில்லை. தலைகுனிந்து காயைக் கிளறினேன்.

"ஏதோ நாக்கு கேட்டுச்சு..."

அவள் சிரிக்கவில்லை. குரல் மாறிவிட்டது.

"அன்னைக்கு உங்களைத் தூக்கிட்டு வந்து வாசல்ல இறக்கினாங்களே, அப்ப மூச்சு இருக்கான்னு மூக்குல விரல் வெச்சுப் பார்த்தேன். உங்களுக்கு நாக்கு கேக்குது. எனக்கு இன்னும் விரல் நடுங்குது."

"நாளையில இருந்து ஒழுங்கா மிதிக்கிறேன்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

"மிதிப்பீங்க" என்று ஜன்னலைத் திறந்து காட்டினாள்.

கீழே என் மச்சினன் ஒரு பழைய சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் ஸ்கூட்டரில் ஏறிப் போய்க்கொண்டிருந்தான். ஸ்கூட்டருக்கு இன்னொரு சாவி இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை.

"ஐயோ, ஒர்க்‌ஷாப் எட்டு கிலோமீட்டர்! வரும்போது முழுக்க மேடு!" என்று அலறினேன். கடைசியாக ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. "அந்த சைக்கிள்ல திரையே இல்லையே! எவ்வளவு கலோரி எரிஞ்சுதுன்னு நீ எப்படிக் கணக்குப் போடுவ?"

"கணக்கு எதுக்குங்க? வீடு வந்து சேர்ந்தா சாப்பாடு."