வீடு தூக்க ஆள் கிடைக்காது

பேரன்புள்ள மகள் நோர்லிட்டாவுக்கு,

ஜித்தாவில் நீ நோய்நொடியில்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு, போஹோல் தீவிலிருந்து உன் அம்மா எழுதுவது. இங்கே மூட்டுவலியும் தேர்தலும் தவிர வேறு குறையில்லை.

நேற்று ஓட்டுப் போட்டாயிற்று. ரேடியோவில் ஒரு மணி நேரம் ஊதாக் கட்சிக்காரர் முன்னால், அடுத்த மணி நேரம் பச்சைக் கட்சிக்காரர் முன்னால். மணிலாவில் பெரிய படிப்புப் படித்தவர்களே சொல்வதற்கில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனால் நாலு தேர்தலில் யார் ஜனாதிபதி என்று முன்கூட்டியே சொன்னவள். ஜீப் நிற்கிற இடத்தில் நம் சர்பத் கடையில் கட்சி நிறத்துக்கு ஒரு ஜாடி வைப்பேன், எது சீக்கிரம் காலியாகிறதோ அவர்தான், ஒரு தடவையும் தப்பியதில்லை. இந்தத் தடவைதான் ஜாடியைப் பார்க்கவே பயமாகிவிட்டது.

காரணம் உன் அண்ணன்மார் இரண்டு பேரும். நவம்பரில் கல்லறைத் திருநாளன்று அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டோம். கள்ளு உள்ளே போனதும் இரண்டு பேரும் கட்சி பேச ஆரம்பித்தார்கள். இசிட்ரோ பச்சை, எர்மோ ஊதா.

"பச்சை ஜெயிச்சா உன் வீட்டைத் தூக்கிட்டு இந்த முற்றத்தை விட்டே போயிரணும்டா" என்றான் பெரியவன்.

"ஊதா ஜெயிச்சா நீ போ. உன் மூங்கில் கூட்டுக்கு முதல் தோள் நான் குடுக்கிறேன்" என்றான் சின்னவன்.

"அப்பன் தலைமாட்டுல பேசுற பேச்சாடா இது" என்றேன். "அப்பாதாம்மா சாட்சி" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான். கல்லறையில் சொன்னதைத் திரும்ப வாங்க இரண்டு பேருக்கும் மானம் இடம் தரவில்லை. அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் பேச்சில்லை. எர்மோ போனால் அவன் மூன்று பிள்ளைகளும் ஆற்றுக்கு அப்பால் அவன் மாமனார் தோப்புக்குப் போய்விடும். இசிட்ரோ போனால் எனக்கு ஒரு வாளி தண்ணீர் எடுத்துத் தர ஆளில்லை. எவன் ஜெயிக்கவேண்டும் என்று நான் மாதாவிடம் கேட்பது?

தினமும் ஒருவன் மாற்றி ஒருவன் கடைக்கு வந்து ஜாடியைப் பார்த்தான். எது பின்தங்குகிறதோ அதை நானே குடித்துச் சமமாக்கினேன். சுகாதார நிலையத்துப் பெண், "சர்க்கரை இப்படி ஏறிக்கிடக்கே பாட்டி, யார் வீட்டு விருந்து?" என்றாள். "ஜனாதிபதி வீட்டு விருந்துடி" என்றேன். ஜனங்களும் லேசுப்பட்டவர்களில்லை, ஊதாக் கட்சி மேயரின் ஆட்கள் நின்றால் எல்லாரும் ஊதா குடிப்பார்கள், அவர்கள் ஜீப் திரும்பினதும் வாய் கழுவுகிற மாதிரி ஒரு பச்சை கேட்பார்கள். இதில் நான் எதைக் கண்டு எதைச் சொல்ல?

ஆனாலும் நீ கவலைப்படாதே. யார் ஜெயிப்பார் என்று எனக்குத் தெரியாது, வீடு மட்டும் நகராது என்று எழுதித் தருகிறேன். நம் ஊர் மூங்கில் வீடானாலும், அதை அப்படியே அடியில் மூங்கில் கட்டித் தோளில் தூக்கிப் போக இருபது ஆம்பிளை வேண்டும். நம் ஊரோ நடுவில் பிளந்து கிடக்கிறது. தோற்றவன் பக்கம் பத்துத் தோள் தேறாது, ஜெயித்தவன் பக்கத்து ஆள் இவன் வாசலை மிதிக்கமாட்டான், ஞாயிறு பூசையிலேயே தனித்தனி பெஞ்சு. ஆகவே இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு இதே முற்றத்தில்தான் கிடப்பார்கள். எனக்கு அது போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. எஜமானியம்மாவுக்கு என் மரியாதையைச் சொல். உன்னை மாதா காக்கட்டும்.

உன் அம்மா,
சத்துர்னினா

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் முடிவு வந்துவிட்டது. பச்சைக்காரர், மயிரிழையில். எர்மோ வீட்டுக்கு அடியில் மூங்கில் கட்டினான். அவன் பக்கத்து ஒன்பது பேர் தம் பிடித்துத் தூக்கியும் வீடு அசையவில்லை. நான் சொன்னது சரிதான் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். அப்புறம் பச்சைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு வீடு கிளம்பும்போது தோள் கொடுக்காமல் எப்படி நிற்பது என்கிறார்கள். முன் மூங்கிலில் இசிட்ரோ. "இடது தோள்ல வாங்குடா, வலதுதான் உனக்கு ஆகாதே" என்றான் தம்பியிடம். "சரிண்ணே" என்றான் அவன். ஆறு மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ஊர் இப்படி ஒன்றாக நின்று இந்த வருடம் நான் பார்க்கவில்லை. மூங்கிலில் தோள் வைக்க இடம் கிடைக்காதவர்கள் சட்டி பானையையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்னாலேயே ஆற்றில் இறங்கிவிட்டார்கள்.