திரேசா வீட்டு லினக்ஸ் பெட்டி

“உனக்கு வேற பொய்யே கிடைக்கேல்லையோ பிள்ளை?” என்று திரேசா கேட்டாள்.

கையில் அகப்பை இருந்தது. அடுப்பில் நண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகள் ரிஷானி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ தேடுவதுபோலப் பாவனை செய்தாள்.

“வாயில வந்திட்டுதம்மா. நிலக்ஷன்ர அப்பா ஒருத்தரோடயும் கதைக்க மாட்டார். வேலையால வந்தா லினக்ஸ் பெட்டிக்கு முன்னாலதான் இருப்பாராம். அதுதான், எங்கட அம்மாவும் லினக்ஸ் பெட்டிதான் வைச்சிருக்கிறா எண்டு சொல்லிப்போட்டன்.”

“அது என்ன பெட்டி?”

“சட்டலைட் ரிசீவர்தான். ஆனா உள்ளுக்குள்ள கொம்பியூட்டர் மாதிரி. எல்லாத்தையும் நாங்களே மாத்தலாமாம்.”

“எதை மாத்திறது?”

“அதுதான் எனக்கும் தெரியாது.”

திரேசாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட நேரமில்லை. ரிஷானியும் ஷாஃப்ஹவுசன் ஊர் நிலக்ஷனும் நான்கு வருடமாகப் பழகுகிறார்கள். நிலக்ஷனின் தகப்பன் தங்கராஜா பழுத்த சைவர். கத்தோலிக்கப் பெண் என்று மகன் சொன்ன நாளிலிருந்து மூன்று மாதம் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பாவின் சம்மதம் இல்லாமல் தாலி கட்ட மாட்டேன் என்று நிலக்ஷன் சொல்லிவிட்டான். அப்படிச் சொன்னதற்காகவே திரேசாவுக்கு அவனை இன்னும் பிடித்துப்போனது. லினக்ஸ் பெட்டிச் சங்கதி காதில் விழுந்த அன்றுதான் தங்கராஜா முதன்முதலாக வாய் திறந்திருக்கிறார். “போய்ப் பாப்பம்” என்றாராம். அதுவும் இன்னும் மூன்றே கிழமையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

திரேசா சுவிஸ் நாட்டு லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்பவள். நூற்றெண்பது பேருக்கு உருளைக்கிழங்கு வறுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். தொலைக்காட்சி விஷயம் வேறு. கணவர் உயிரோடு இருந்தவரை ரிமோட் அவர் கையில்தான் இருந்தது. அவர் போய் ஆறு வருடமாகியும், கடைசியாக அவர் வைத்துவிட்டுப் போன சானலைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்ற மனம் வரவில்லை என்று வெளியில் சொல்வாள். மாற்றத் தெரியாது என்பதும் உண்மை.

மறுநாள் பாலசிங்கத்தின் கடைக்குப் போனாள். அரிசி மூட்டைக்கும் உறைந்த மரவள்ளிக்கும் நடுவில் பாலசிங்கம் ரிசீவர்களும் விற்கிறார்.

“மூண்டு விதம் இருக்குது அக்கா” என்றார் அவர். “இது பழகிற ஆக்களுக்கு. இது தெரிஞ்ச ஆக்களுக்கு. மேல இருக்கிற அந்தக் கறுப்பு, தெரிஞ்சமாதிரி நடக்கிற ஆக்களுக்கு.”

“எனக்கு அந்தக் கறுப்பை எடுங்கோ.”

“முதல்தரமா வாங்கிறியள். சின்னதில தொடங்குங்கோ. உங்களுக்கு ஒரு டியூனர் காணும்.”

“டியூனர் எண்டா?”

“ஒண்டு இருந்தா ஒரு சானல் பாக்கலாம். ரெண்டு இருந்தா ஒண்டைப் பாக்கப் பாக்க மற்றதைப் பதியலாம்.”

“ஷாஃப்ஹவுசன்ல எத்தினை வைச்சிருப்பினம்?”

“அது எனக்கு என்னெண்டக்கா தெரியும்?”

“அப்ப ரெண்டு.”

கறுப்புப் பெட்டி வீட்டுக்கு வந்தது. ரிமோட்டில் ஐம்பத்தொரு பொத்தான். திரேசா எண்ணிப் பார்த்தாள். இணைத்துப் போட்டால் அழகான நீலத் திரை வந்தது, ஒரு சின்னப் பல்சக்கரம் சுழன்றது, பிறகு ஒன்றுமில்லை. சானல் என்று ஒன்றுகூட இல்லை.

“வெறும் பெட்டியைத் தந்திட்டியளே” என்று பாலசிங்கத்துக்குப் போன் செய்தாள்.

“லினக்ஸ் அப்பிடித்தானக்கா வரும். நீங்கள்தான் நிரப்ப வேணும். டிஷ் இருக்குதுதானே?”

டிஷ் இல்லை. இத்தனை காலமும் சுவரிலிருந்து வரும் கேபிள்தான்.

டிஷ் வாங்கினாள். பல்கனிச் சுவரில் பூட்டத் துளைக்கருவியை எடுத்தபோது கட்டடப் பராமரிப்பாளர் அம்ரைன் கீழே புல் வெட்டிக்கொண்டிருந்தார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேலே பார்த்து, சுவரில் ஒரு ஓட்டையும் கூடாது என்று மிக மரியாதையாகச் சொன்னார். மாலையில் அதையே கடிதமாகவும் எழுதித் தபால்பெட்டியில் போட்டார். திரேசா ஹோட்டலிலிருந்து பெரிய மயோனைஸ் வாளி ஒன்றைக் கொண்டுவந்து, சீமெந்து குழைத்து, அதில் டிஷ்ஷின் தண்டை நட்டாள். சுவரில் ஓட்டை இல்லை. ஆனால் வாளி இடுப்பளவுகூட இல்லை, டிஷ் பல்கனியில் ஒரு பிள்ளையின் உயரத்துக்கே நின்றது. யாராவது குறுக்கே நடந்தால் வானம் மறைந்துவிடும்.

ஹோட்டல் சமையலறைக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை இரண்டரை மணித்தியால ஓய்வு உண்டு. மற்றவர்கள் தூங்குவார்கள். திரேசா அந்தக் கிழமை முழுக்க வீட்டுக்கு ஓடிவந்து டிஷ்ஷைத் திருப்பினாள். அறைக்குள் போய்த் திரையில் சிக்னல் காட்டும் இரண்டு கோடுகளைப் பார்ப்பாள், வெளியே வந்து ஒரு மயிரிழை திருப்புவாள், மறுபடி உள்ளே போவாள். கோடுகள் பூச்சியத்தில் கிடந்தன. முழங்கால் விட்டுப்போனது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஒரு கோடு எழும்பியது.

முதலில் பதினெட்டு. பிறகு நாற்பது. பிறகு எழுபத்தேழு. திரேசா மூச்சு விடாமல் “தேடு” என்ற பொத்தானை அழுத்தினாள். திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின. நூறு, இருநூறு, எழுநூறு. ஒன்றை அழுத்தினாள். போலந்தில் ஏதோ ஒரு தேவாலயத்தில் பூசை நடந்துகொண்டிருந்தது. அடுத்தது அரபு தேசத்துக் குதிரைப் பந்தயம். அதற்கு அடுத்தது இத்தாலியப் பெண்ணொருத்தி மா பிசைகிறாள். அவள் தண்ணீர் கூட விட்டுவிட்டாள் என்பது திரேசாவுக்கு உடனே தெரிந்தது. இருநூற்றுப் பதினான்காவது இலக்கத்தில் ஒருவர் தமிழில் செய்தி வாசித்தார்.

திரேசா சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர் தூரத்தில் ஒரு பொருள் தொங்குகிறது. அதிலிருந்து இத்தனை குரலும் முகமும் குதிரையும் நாள் முழுக்க இந்தப் பல்கனியில் விழுந்துகொண்டே இருந்திருக்கின்றன. அவள் அதே இடத்தில் இருபது வருடம் உடுப்புக் காயப்போட்டிருக்கிறாள். ஒன்றும் தெரியவில்லை. இப்போது ஒரு மயோனைஸ் வாளியும் கொஞ்சம் பொறுமையும் போதுமாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எழுநூறு சானலும் சந்தை இரைச்சல்போல இருக்கிறது, தங்கராஜா பார்த்தால் என்ன நினைப்பார் என்று, இணையத்தில் யாரோ ஒழுங்குபடுத்தி வைத்த பட்டியல் ஒன்றை எடுத்துப் போட்டாள். அது வேறு செயற்கைக்கோளுக்கான பட்டியல். எல்லாம் போயிற்று. அதைச் சரிசெய்யப் புது மென்பொருள் ஏற்றினாள். பாதியில் பிளக் கழன்றது. பெட்டி எழும்பவே மறுத்தது. சாப்பாட்டுப் பெட்டியைப்போல அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பாலசிங்கத்திடம் போனாள்.

“சாகேல்லை” என்றார் பாலசிங்கம். “உது லேசில சாகாது. இந்த யுஎஸ்பி குச்சியில மென்பொருள் இருக்குது. பின்னால குத்திப்போட்டு முதல்ல இருந்து தொடங்குங்கோ.”

முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு தடவை அல்ல, ஏழு தடவை. ஏழாவது தடவை எந்தக் கடதாசியும் பார்க்காமல் செய்தாள். தமிழ்ச் சானல்கள் முதலில், பக்திச் சானல்கள் அடுத்து, சமையல் மூன்றாவது. ஐம்பத்தொரு பொத்தானில் முப்பதுக்கு வேலை தெரிந்திருந்தது.

“அம்மா, நீங்கள் இப்ப என்னைவிட அதோடதான் கூடக் கதைக்கிறியள்” என்றாள் ரிஷானி.

“நீ சொன்ன பொய்யை மெய்யாக்கிறன். பேசாம இரு.”

அந்த ஞாயிறு வந்தது. மூன்று நாளாக வீட்டில் மீன் இல்லை, முட்டைகூட இல்லை. தங்கராஜா, மனைவி யோகாம்பாள், நிலக்ஷன் மூவரும் பதினொன்றரைக்கு வந்தார்கள். தங்கராஜா உயரமான மனிதர், நெற்றியில் மூன்று விரல் திருநீறு. ரிஷானி வணக்கம் சொன்னாள். அவர் தலையாட்டினார். கண் மட்டும் கறுப்புப் பெட்டியில் நின்றது.

“எத்தினை டியூனர்?” என்றார். அன்று அவர் பேசிய முதல் சொல் அதுதான்.

“ரெண்டண்ணை.”

“ம்ம்.”

திரேசாவுக்குப் பயம் பிடித்தது. அறிந்தவர்கள் குறைவாகத்தான் கேட்பார்கள்.

“மென்பொருள் ஏத்தினது ஆர்?”

“நான்தான்.”

“எத்தினை தரம்?”

“ஏழு தரம்” என்றாள் வெட்கத்தோடு. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏழு தரமா என்று ஏளனம் செய்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

அவர் சோபாவின் நுனிக்கு வந்து உட்கார்ந்தார். திரேசா பெட்டியைப் போட்டாள். நீலத் திரை, பல்சக்கரம், பிறகு ஒரு கோயில் பூசை கண்ணாடிபோலத் துலக்கமாக வந்தது. தங்கராஜா கைகூப்பிக் கும்பிட்டார். சுவாமியையா பெட்டியையா என்று சொல்ல முடியாது.

அந்த நேரம் பார்த்து யோகாம்பாள், “பிலாத்துஸ் மலை இஞ்சயிருந்து தெரியுமாமே” என்று பல்கனிக்குப் போனார். போனவர் டிஷ்ஷுக்கு நேர் முன்னால் நின்று, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு மலையை ரசித்தார்.

படம் உடைந்தது. கட்டம் கட்டமாகச் சிதறியது. திரை கறுத்தது.

ரிஷானியின் முகம் வெளுத்துவிட்டது. திரேசாவின் கண்ணில் தேவாலயமும் மண்டபமும் மகளின் கூறைச்சேலையும் ஒன்றாகக் கறுத்துப்போயின. பல்கனியைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. ரிமோட்டை எடுத்துக் கோடுகளைத் திறந்தாள். பூச்சியம். பெட்டியை நிறுத்திப் போட்டாள். பூச்சியம். கேபிளைக் கழற்றிப் பூட்டினாள். பிறகு விரல்கள் தாமாக ஓடின. பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல். தங்கராஜா சோபாவிலிருந்து இறங்கிக் கம்பளத்தில் முழங்காலில் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேடு” என்ற பொத்தானுக்கு வந்தாள். அழுத்தினாள். ஒன்றுமில்லை. திரேசா கண்ணை மூடிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

“மாமி, தேத்தண்ணி ஆறப்போகுது” என்று ரிஷானி பல்கனிப் பக்கம் திரும்பிச் சொன்னாள். யோகாம்பாள் உள்ளே வந்தார்.

திரையில் பெயர்கள் பொங்கி வந்தன. நூறு, இருநூறு, எழுநூறு. கோயில் பூசை மறுபடி வந்தது.

தங்கராஜா கம்பளத்திலிருந்து எழும்பினார். பிறகு மெல்லிய குரலில், கோயிலில் ஐயரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

“தங்கச்சி, கடைசியா நெத்தியிலயும் நெஞ்சிலயும் கை வைச்சனீங்கள். அதுவும் செய்ய வேணுமோ?”

“அது… எனக்குப் பழக்கமண்ணை.”

“ம்ம்” என்றார் அவர். யோசித்தார். “செய்தாப் பிழையில்லை.”

சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. வடையை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கை கழுவி வந்து நின்றுகொண்டே, “தையில வைப்பம்” என்றார்.

“எதையப்பா?” என்றான் நிலக்ஷன்.

“கலியாணத்தை. காலமை அட்லிஸ்வில் முருகன் கோயில். பின்னேரம் இவையின்ர சேர்ச். ரெண்டு டியூனர் இருக்கேக்க ஒண்டை மட்டும் ஏன் பாக்கவேணும்?”

ரிஷானி சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதாள். நிலக்ஷன் கதிரையில் இருந்தபடியே சிரித்தான். திரேசாவுக்கு நம்ப முடியவில்லை. மூன்று மாதம் அசையாத மனிதர் மூன்று மணித்தியாலத்தில் அசைந்துவிட்டார். ஒரு கறுப்புப் பெட்டி இதைச் செய்யும் என்றால் அதற்குள் வேறு என்னென்ன இருக்கும் என்று அவள் மலைத்து நின்றாள்.

புறப்படும்போது தங்கராஜா பெட்டியின் முன்னால் ஒருமுறை நின்று, பின்பக்கக் கேபிள்களையும் குனிந்து பார்த்துவிட்டுக் கார் எடுக்கப் போனார். நிலக்ஷனும் கூடப் போனான். யோகாம்பாள் கதவடியில் குந்தியிருந்து சப்பாத்துப் போட்டார்.

திரேசா அவருக்குப் பக்கத்தில் குனிந்தாள். மனதில் கிடந்ததைக் கேட்டுவிட வேண்டும்.

“அண்ணை மாதிரிப் பெரிய விளக்கமுள்ள ஆளுக்கு முன்னால படம் போனவுடன எனக்கு உயிரே போட்டுது. என்னைப் பற்றி என்ன நினைச்சாரோ?”

யோகாம்பாள் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாவது சப்பாத்தின் கயிற்றை இறுக்கினார்.

“ஒண்டும் நினைக்க மாட்டாரக்கா. வாங்கி நாலு வருசம், ஒவ்வொரு நாளும் முன்னால இருக்கிறார். படம் வாற லினக்ஸ் பெட்டியை இவர் இண்டைக்குத்தான் முதல்முதலாப் பாக்கிறார்.”